பிறவிச் செவிலியர் எவரும் இல்லை

பிலிப்பினோ செவிலியரைப் பாராட்டும் கட்டுரை எதைப் புரட்டினாலும் மூன்றாவது பத்திக்குள் அந்த வாக்கியம் வந்துவிடும்: பராமரிப்பு அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது. லண்டன் நாளேடுகள் எழுதுவதும் இதைத்தான். வளைகுடா மருத்துவமனைகள் விளம்பரம் செய்வதும் இதைத்தான். மணிலாவில் அமைச்சர்கள் மேடையேறிச் சொல்வதும் இதைத்தான். நம்மவர்களும் விலக்கல்ல. சிங்கப்பூரில் அப்பாவையோ அம்மாவையோ மருத்துவமனையில் சேர்த்திருந்தவரைக் கேட்டுப்பாருங்கள், "அந்தப் பிலிப்பினோ பொண்ணு பெத்த மக மாதிரி பாத்துக்கிச்சு" என்பார். சொல்பவர் மனதில் கள்ளம் இல்லை. கருத்துதான் தவறு. நல்ல மனதோடு சொல்லப்படுவதாலேயே யாரும் மறுக்காமல் விட்டுவைத்த தவறு.

இந்தக் கருத்தைச் சொல்பவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிலிப்பைன்ஸ் வீடுகளில் தாத்தா பாட்டி கூடவே இருக்கிறார்கள், முதியோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமையாக இருக்கிறது, கத்தோலிக்க மரபு நோயாளிக்குச் செய்யும் தொண்டைப் புண்ணியமாகக் கற்பிக்கிறது என்கிறார்கள். எல்லாம் உண்மை. 1960 முதல் அமெரிக்காவுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ செவிலியர்கள் சென்றிருக்கிறார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையில் வெளிநாட்டுச் செவிலியர்களில் இந்தியர்களுக்கு அடுத்த பெருங்கூட்டம் அவர்களுடையது. சவூதியில் அவர்கள் இல்லாத பெரிய மருத்துவமனை அரிது. இத்தனை நாடுகளில் இத்தனை நோயாளிகள் ஒரே மாதிரி பாராட்டினால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? இதோடு ஒரு பொருளாதார வாதமும் ஒட்டிக்கொண்டு வருகிறது: நாட்டில் செவிலியர் உபரி, வெளியில் பற்றாக்குறை, போகிறவருக்கு டாலர், பெறுகிற நாட்டுக்குப் பணியாளர், அனுப்புகிற நாட்டுக்கு அந்நியச் செலாவணி. 2023-இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் எல்லோருமாக வங்கிகள் வழியே அனுப்பிய பணம் ஏறக்குறைய 3,350 கோடி டாலர். யாருக்கு என்ன நட்டம்?

பாராட்டையும் பொருளாதாரத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. முதலாவது இல்லாமல் இரண்டாவது ஒரு நாள்கூட நிற்காது. ஏனென்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. இயல்பு என்றால், 1900-க்கு முன்பு அது எங்கே போயிருந்தது?

ஸ்பானிய ஆட்சிக்காலம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அப்போது மணிலாவின் புகழ்பெற்ற மருத்துவமனையான சான் ஜுவான் டி டியோஸைப் பல காலம் நடத்தியவர்கள் ஆண் துறவியர். செவிலியம் என்ற பெண்களின் தொழில் அங்கே கிடையாது. அமெரிக்கர்கள் 1898-இல் தீவுகளைக் கைப்பற்றிய பிறகுதான் அது வந்தது. 1906-இல் இலோயிலோவில் அமெரிக்க மிஷனரிகள் முதல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மணிலாவிலும் பள்ளிகள் தொடங்கின. அப்போது மாணவிகள் குவிந்துவிடவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் முன்பின் தெரியாதவர்களின் உடம்பைத் தொடுவதா, வேலைக்காரி செய்ய வேண்டியதைச் செய்வதா என்று பெற்றோர்கள் தயங்கினார்கள். ரத்தத்தில் ஊறிய ஒன்றுக்குப் பெற்றோரைக் கெஞ்ச வேண்டியிருந்தது விந்தைதான்.

பிறகு நடந்தவை எல்லாம் ஆவணங்களில் இருக்கின்றன. 1919-இல் செவிலியர் சட்டம் வந்தது; 1920-இல் முதல் போர்டு தேர்வு நடந்தது; 1922-இல் அனஸ்தாசியா ஹிரோன் துபாஸ் பிலிப்பினோ செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். பாடத்திட்டம் அமெரிக்காவுடையது, பாடமொழி ஆங்கிலம். 1948-இல் அமெரிக்கா கொண்டுவந்த பரிமாற்றப் பார்வையாளர் திட்டத்தின் கீழ், 1956-இலிருந்து 1969-க்குள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ செவிலியர்கள் அங்கே போனார்கள். படிக்க வந்தவர்கள் என்று பெயர். பல மருத்துவமனைகள் வாங்கிக்கொண்டதென்னவோ முழுநேரச் செவிலியரின் வேலை, கொடுத்தது உதவித்தொகை. 1965-இல் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. குடியேற்றச் சட்டத்தின் இன ஒதுக்கீடு நீக்கப்பட்டது. முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வந்ததால் அமெரிக்க மருத்துவமனைகளில் படுக்கைகள் நிரம்பின, ஆள் போதவில்லை. பிலிப்பைன்ஸில் 1950-இல் 17 ஆக இருந்த செவிலியர் பள்ளிகள் 1970-இல் 140 ஆயின. 1974-இல் அதிபர் மார்க்கோஸின் தொழிலாளர் சட்டம் ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. அதற்கென வாரியங்கள் உருவாயின.

பெரியவர்களை மதிக்கும் பண்பாடு காரணம் என்றால், தாய்லாந்திலும் மியான்மரிலும் வியட்நாமிலும் பெரியவர்களை மதிக்காமலா இருக்கிறார்கள்? அந்த நாடுகளின் செவிலியர்கள் ஏன் லிவர்பூல் வார்டுகளை நிரப்பவில்லை? அங்கே அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்தில் பயிற்றுவித்து வெளியே அனுப்பும் அரை நூற்றாண்டு ஏற்பாடு இல்லை என்பதுதான் விடை. கேரளத்துச் செவிலியரைப் பற்றியும் இதே "இயல்பு" கதைதான் சொல்லப்படுகிறது. அங்கேயும் தோண்டினால் மிஷன் மருத்துவமனைகளும் பயிற்சிப் பள்ளிகளும்தான் கிடைக்கும். நம் வேலூரில்கூட ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1909-இல், இலோயிலோவுக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து. அன்பு உலகெங்கும் உண்டு. பள்ளிக்கூடத்தை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

2. பிறவியிலேயே வருவதென்றால் தேர்வில் ஏன் தோற்கிறார்கள்?

பிலிப்பைன்ஸ் செவிலியர் உரிமத் தேர்வில் தேற மொத்தச் சராசரி 75 விழுக்காடு வேண்டும். எந்தப் பாடத்திலும் 60-க்குக் கீழே போகக் கூடாது. நான்கு ஆண்டுகள் கல்லூரியில் படித்தவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் 2010-ஐ ஒட்டிய பல ஆண்டுகளில் எழுதியவர்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. 2006-இல் வினாத்தாள் கசிந்தபோது, அந்தத் தேர்வில் தேறியவர்களுக்கு அமெரிக்க விசாவுக்கான சான்றிதழைத் தர மறுத்தார்கள். கசிந்த இரண்டு பகுதிகளையும் மறுபடி எழுதித் தேறினால்தான் ஆயிற்று என்றார்கள். அவர்கள் முகத்தில் இருந்த கனிவை யாரும் தகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. மதிப்பெண்ணைக் கேட்டார்கள்.

கேட்டதும் சரிதான். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நைட் டியூட்டி பார்க்கும் ஒரு செவிலியரின் வேலையை எண்ணிப்பாருங்கள். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். மணிக்கு மணி சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். வென்டிலேட்டர் ஒலி எழுப்பினால், குழாயில் சளி அடைத்திருக்கிறதா, நோயாளி கடிக்கிறாரா, நுரையீரலில் காற்று கசிகிறதா என்று நொடிகளில் பிரித்தறிய வேண்டும். நள்ளிரவில் ஒருவர் திடீரெனப் பதறி எழுந்து டிரிப்பைப் பிடுங்கப் பார்க்கிறார். அன்பான மனது சொல்வது, பயந்திருக்கிறார், கையைப் பிடித்துக்கொள் என்று. பயிற்சி சொல்வது, ஆக்சிஜன் குறைந்தாலும் இப்படித்தான் பதறுவார்கள், முதலில் அளவைப் பார் என்று. கொரோனாவின்போது மூச்சுக்குழாய் பொருத்திய நோயாளியைக் குப்புறப் புரட்ட ஐந்தாறு பேர் சேர்ந்து நிற்பார்கள். குழாய் ஒரு விரற்கடை நகர்ந்தால் உயிர் போகும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மருந்துச்சீட்டில் தசமப்புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, எழுதிய மருத்துவரை நடுநிசியில் எழுப்பி, ஏச்சு வாங்கினாலும் திருத்த வைக்கிற துணிச்சல் எந்த இனத்தின் ரத்தத்திலும் இல்லை. அது படிப்பு, பழக்கம், மேலே இருப்பவரோடு மோதும் தைரியம். இவ்வளவையும் செய்து முடித்தவரைப் பார்த்து "என்ன தங்கமான மனசு" என்கிறோம். விமானத்தைப் பத்திரமாக இறக்கிய விமானியைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்வதில்லை.

இன்னொன்று. 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் செவிலியப் படிப்பில் சேர்ந்தார்கள். டாக்டராக உள்ளூரில் கிடைத்ததைவிட நர்ஸாக அமெரிக்காவில் பல மடங்கு கிடைத்தது. 2004-இல் மருத்துவர் உரிமத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரும் செவிலியராக அமெரிக்காவுக்குப் போனார். அவர் ஆண். இந்த மருத்துவர்களுக்கெல்லாம் நாற்பது வயதில் திடீரென்று பராமரிப்பு இயல்பு ஊறியதா? ஊதியத்தைப் பார்த்தார்கள், போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை ஒப்புக்கொள்ள நமக்குத்தான் கூச்சம்.

3. "எதிர்த்துப் பேசாதவர்கள்" என்ற பாராட்டு, யாருக்கு வசதியோ அவர்கள் சொல்வது.

மேலே சொன்ன அந்த மருத்துவர் அமெரிக்காவில் என்ன ஆனார் என்பது இந்த வாதத்துக்கு நேர் பதில். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், தங்களுக்குச் சொன்ன ஊதியமும் வேலையும் வேறு, கிடைத்தது வேறு என்று 2006-இல் பத்துப் பிலிப்பினோ செவிலியர்கள் ராஜினாமா செய்தார்கள். அவரும் அதில் ஒருவர். ஷிஃப்டின் நடுவே யாரும் நோயாளியை விட்டுப் போகவில்லை. ஆனாலும் நோயாளிகளை ஆபத்தில் தள்ளியதாக அவர்கள் மீதும் அவர்களுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் மீதும் குற்ற வழக்கு பாய்ந்தது. வேலையை விட்டதற்குக் குற்ற வழக்கு! 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கையே தடுத்தது. அதற்கு அது காட்டியது அடிமைமுறையை ஒழித்த அரசமைப்புத் திருத்தத்தை. அதே முதலாளிகளின் கீழ் வேலை பார்த்த இன்னும் பலர் தொடுத்த வழக்கில் 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டால் 25,000 டாலர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தையே மீறியது என்று தீர்ப்பளித்தது.

ஆக, "வாய் திறக்காத" செவிலியரின் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பாண்டுப் பத்திரம் இருக்கிறது. விசா முதலாளியின் கையில், ஊரில் ஏஜென்டிடம் வாங்கிய கடன், மாதம் தவறாமல் பணம் எதிர்பார்க்கும் குடும்பம். இதைப் பண்பாடு என்று பெயரிட்டு அழைத்தால் முதலாளிக்கு நல்லதுதான்.

பேசியபோதெல்லாம் அவர்கள் உரக்கத்தான் பேசியிருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்க உரிமத் தேர்வில் தேறாத வெளிநாட்டுச் செவிலியரை நாடுகடத்தப் பார்த்தபோது சங்கம் சேர்ந்து போராடினார்கள். தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு வழி செய்த சட்டம் 1989-இல் வந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய செவிலியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்த செனெய் ட்ரியுன்ஃபோ கோர்டெஸ் பிலிப்பைன்ஸில் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் டெலானோ நகர மருத்துவமனையில் பிலிப்பினோ ஊழியர்களை மட்டும் குறிவைத்துத் தாய்மொழி பேசத் தடை விதித்தார்கள் என்று வழக்கு நடந்தது. 2012-இல் 9,75,000 டாலர் தந்து மருத்துவமனை சமரசம் செய்துகொண்டது. இதே டெலானோவில்தான் 1965-இல் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ பண்ணைத் தொழிலாளர்கள் திராட்சை பறிக்க மறுத்து வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள்; தொழிற்சங்கத் தலைவர் செசர் சாவேஸின் மெக்சிகோ தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டது அதன் பிறகே. பணிவு இந்த மக்களின் பிறவிக் குணம் என்பவர்கள் அந்த ஊருக்கு ஒருமுறை போய் வரலாம்.

4. பாராட்டும் சந்தேகமும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

1975 கோடையில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அடுத்தடுத்து மூச்சு நின்றது. சிலர் இறந்தார்கள். பழி ஃபிலிப்பினா நார்சிசோ, லியோனோரா பெரெஸ் என்ற இரண்டு பிலிப்பினோ செவிலியர்கள் மேல் விழுந்தது. நேரடிச் சாட்சியம் இல்லை. அந்த நேரத்தில் அங்கே டியூட்டியில் இருந்தார்கள் என்பதே வழக்கின் முதுகெலும்பு. 1977-இல் நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. அரசுத் தரப்பு நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 1978-இல் அரசே வழக்கைக் கைவிட்டது. ஓர் இனத்துக்கே "கனிவான இயல்பு" என்று முத்திரை குத்தியிருந்த அதே சமூகம், நெருக்கடி வந்ததும் அந்த முத்திரையைத் திருப்பிப் போட்டது. மென்மையானவர்கள் என்பது ஒரே வாரத்தில் மனதில் இருப்பதைக் காட்டாதவர்கள் என்று ஆயிற்று. ஒருவரை ஆளாகப் பார்க்காமல் இனமாகப் பார்க்கும் பழக்கத்தின் விலை இது.

5. கொரோனாவில் செத்தவர்கள் தியாகிகளா?

2020 செப்டம்பரில் அமெரிக்கச் செவிலியர் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனாவில் அதுவரை இறந்த 213 பதிவுபெற்ற செவிலியரில் 67 பேர் பிலிப்பினோக்கள். அதாவது 31.5 விழுக்காடு. அந்த நாட்டுச் செவிலியரில் அவர்கள் பங்கோ 4 விழுக்காடுதான். இந்த எண்ணைச் சொல்லிவிட்டு "தங்களை அர்ப்பணித்த தேவதைகள்" என்று எழுதியவர்கள் ஏராளம். அர்ப்பணிப்பு இந்த எண்ணை விளக்காது. அவர்கள் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது விளக்கும். நிர்வாக மேசைகளில் குறைவாகவும் நோயாளியின் படுக்கையோரம் அதிகமாகவும் இருந்தார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப இரண்டாவது வேலை பார்த்தவர்களும் உண்டு. முகக்கவசம் போதாத வாரங்களில் இவர்கள்தான் கிட்டே போனார்கள். இறந்தவரைத் தேவதை ஆக்கிவிட்டால், கவசம் ஏன் இல்லை என்ற கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

2020 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரியில் மார்கரெட் கீனனுக்கு, சோதனைக் கட்டத்துக்கு வெளியே உலகின் முதல் ஃபைசர் தடுப்பூசியைப் போட்டவர் மே பார்சன்ஸ். பிலிப்பைன்ஸிலிருந்து போனவர். 2022-இல் பிரிட்டனின் மருத்துவத் துறைக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டபோது எலிசபெத் ராணியிடமிருந்து பெற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். அந்தப் புகைப்படம் உலகெங்கும் போனது. போகட்டும், தகுதியான பெருமை. ஆனால் அவர் அனுபவமுள்ள செவிலியர் என்பதை எத்தனை செய்திகள் எழுதின?

6. திறமையை "இயல்பு" என்று பதிவு செய்தால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

சுருக்கமாக இரண்டு சான்றுகள். ஜப்பானுடன் செய்த பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ் 2009 முதல் பிலிப்பினோ செவிலியர்கள் அங்கே போனார்கள். சொந்த நாட்டில் உரிமமும் பணி அனுபவமும் பெற்றவர்கள். ஜப்பானிய மொழியில், கடினமான எழுத்துக்களில் தேசியத் தேர்வு எழுதித் தேறும்வரை உதவியாளர்களாகத்தான் வேலை. 2010-இல் இந்தத் திட்டத்தின் கீழ் எழுதிய 254 வெளிநாட்டவரில் தேறியவர் 3 பேர். அதில் பிலிப்பினோ ஒருவர். கனடாவின் வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் திட்டம் 1992 முதல் 2014 வரை ஆள் எடுத்தது. அதில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பலர் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டு முதலாளி வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். குடியுரிமைக் கனவுக்காகத் தொழிலை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். பிறகு திரும்பவும் செவிலியராக முடியாமல் போனவர்கள் உண்டு. "இவர்களுக்குப் பராமரிப்பு இயல்பாகவே வரும்" என்று நம்புகிறவருக்கு வார்டும் வீடும் ஒன்றுதான். அனுபவச் சான்றிதழ் வெறும் தாள்தான்.

7. உபரி என்கிறார்கள். எங்கே உபரி?

2023-இல் பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறையே சொன்ன பற்றாக்குறை 1,27,000 செவிலியர். அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே ஆயிரக்கணக்கில் காலி. சுகாதாரச் செயலர் டெட் ஹெர்போசா ஒரு யோசனை சொன்னார்: உரிமத் தேர்வில் 70 முதல் 74 வரை பெற்றுத் தோற்றவர்களைத் தற்காலிக அனுமதியோடு வேலைக்கு எடுக்கலாம். உலகத்துக்குச் செவிலியர் அனுப்பும் நாடு தன் சொந்த நோயாளிகளுக்குத் தேர்வில் தோற்றவர்களைத் தேடும் நிலை இது. யோசனைக்கு எழுந்த எதிர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். உபரி என்ற சொல்லை அதன் பிறகும் எப்படிச் சொல்ல முடிகிறது?

உள்ளூரில் வேலையில்லாத செவிலியர்கள் இருப்பது உண்மை. அவர்கள் ஏன் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. வெளிநாடு போக மருத்துவமனை அனுபவம் வேண்டும். அதைப் பெற இளம் செவிலியர்கள் ஊதியமின்றி "தன்னார்வலர்" என்ற பெயரில் வேலை பார்த்தார்கள். பல மருத்துவமனைகள் அதற்குப் பயிற்சிக் கட்டணம் வேறு வாங்கின. வேலை செய்பவர் முதலாளிக்குக் கூலி கொடுத்த அதிசயம் இது. 2011-இல்தான் சுகாதாரத் துறை இதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. ஆளும் இருந்தது, நோயாளியும் இருந்தார். இல்லாதது சம்பளம்.

அந்தச் சம்பளத்தின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 2002-இல் நிறைவேறிய செவிலியர் சட்டம், அரசுச் செவிலியரின் தொடக்க ஊதியம் சம்பளத் தரம் 15-க்குக் குறையக் கூடாது என்றது. சட்டம் சட்டப்புத்தகத்திலேயே இருந்தது. 2009-இல் அதிபர் அரோயோவின் நிர்வாக ஆணை அதை 11 ஆக்கியது. செவிலியர்கள் "ஆங் நார்ஸ்" என்ற கட்சிப் பட்டியல் அமைப்பைத் தொடங்கி, 2013 தேர்தலில் நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் பெற்றார்கள். 15-ஆம் தரத்தை உறுதி செய்யும் புதிய மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. 2016 ஜூனில், பதவியின் கடைசி நாட்களில், அதிபர் பெனிக்னோ அக்கினோ செலவைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தார். வெளிநாட்டில் உழைக்கும் பிலிப்பினோக்களை 1988-இல் "புதிய வீரர்கள்" என்று அழைத்தவர் அவருடைய தாய் கொராசோன் அக்கினோ. தாய் பட்டம் கொடுத்தார், மகன் சம்பளத்தை மறுத்தார். பாராட்டுக்குச் செலவில்லை.

ஆங் நார்ஸ் வழக்குப் போட்டது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லும் என்று 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் சேர்த்துச் சொன்னது. 2020-இல், கொரோனா வந்து செவிலியர் இல்லாமல் திண்டாடிய பிறகு, தரம் 15 நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டுதான் அரசு செவிலியர் வெளிநாடு போவதைத் தடுத்தது. பிறகு ஆண்டுக்கு 5,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. 2021 பிப்ரவரியில் தொழிலாளர் துறை பிரிட்டனிடமும் ஜெர்மனியிடமும் பேரம் பேசியது: எங்கள் மக்களுக்குத் தடுப்பூசி கொடுங்கள், உச்சவரம்பைத் தளர்த்திக் கூடுதலாகச் செவிலியரை அனுப்புகிறோம் என்று. பிரிட்டன் மறுத்துவிட்டது. செவிலியர் அமைப்புகள் கொதித்தன. தங்களைச் சரக்காக நடத்துகிறார்கள் என்றன. அந்த அரசு திடீரென்று கெட்டுப்போய் அப்படிச் செய்யவில்லை. "எங்கள் மக்களின் இயல்பான கனிவு" என்று அரை நூற்றாண்டாக விளம்பரம் செய்த பொருளுக்கு அன்று விலை சொன்னது, அவ்வளவுதான்.

8. "அவர்களே அப்படித்தானே சொல்லிக்கொள்கிறார்கள்?"

சொல்கிறார்கள். தன் வேலையில் தனக்குள்ள ஈடுபாட்டை ஒரு செவிலியர் தன் அம்மாவிடம் கற்றதாகச் சொன்னால் அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. அவர் சொல்வது தன்னைப் பற்றி. ஆள்பிடிக்கும் நிறுவனம் அதையே சுவரொட்டியில் அச்சிடும்போது அது ஒரு விலைப்பட்டியல். வாடிக்கையாளர் எதைக் கேட்டால் வேலை கிடைக்குமோ அதைச் சொல்லப் பழகுவதும் தொழிலின் ஒரு பகுதிதான். நேர்காணலில் "நான் நோயாளி விகிதம் அதிகமானால் எழுத்தில் புகார் கொடுப்பேன்" என்று சொன்னவருக்கு விசா கிடைக்குமா? அனுதாபம் தொழிலுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுதாபத்தையும் கற்றுத்தான் தருகிறார்கள். பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டின் கடைசி மணியிலும் அது வற்றாமல் இருப்பதற்குப் போதிய ஆட்களும் ஓய்வும் வேண்டும்.

இது தொலைதேசத்து விவகாரம் என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியரை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. பிலிப்பைன்ஸைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நம் ஊரில் பேசுகிறவர்கள் பெருகுகிறார்கள். கற்றுக்கொள்ளட்டும். அங்கே நடந்ததில் பாதியை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

பிலிப்பினோ செவிலியரைப் பற்றி இனி எழுதுபவர்கள் அவர்களது சிரிப்பை விட்டுவிட்டு மூன்றைக் கேட்டு எழுதட்டும்: ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், வேலையை விட்டால் எவ்வளவு அபராதம், ஊரில் இதே வேலைக்கு என்ன சம்பளம். மூன்றாவது கேள்விக்கு அரசு மருத்துவமனைகளில் பதினெட்டு ஆண்டு கழித்தாவது ஒரு பதில் கிடைத்தது. பிலிப்பைன்ஸின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியருக்கு அந்தத் தரம் 15 பொருந்தாது.